ஒரு பெட்டியை மூன்று பெட்டியாக்கிய படலம்

முதற்கண் மின்சாரத்தை வணங்குகிறோம். அது வந்தால்தான் ஏனைய தெய்வங்களுக்கும் விளக்கு எரியும். அடுத்து, தடித்த அட்டையும் எழுநூற்று நாற்பது பக்கமும் உடையதாய், மருந்துக்கும் ஒரு படம் இல்லாததாய், கற்றோரையும் கண்ணயரச் செய்யும் அந்த ஆங்கிலக் கைந்நூலை வணங்குகிறோம். மூன்றாவதாக மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன்களை அழைப்பது வழக்கம். நாம் அழைக்கவில்லை. வந்தவர் போனவர் எல்லாரும் அழைத்து அழைத்து அவற்றுக்குத் தொண்டை கட்டிப்போயிற்று. இந்தக் கதையில் வேறொரு மீன் வரும், அது பாடாது.

இனி நாயகனைப் போற்றுவோம். வாழைச்சேனை ஈன்ற வல்லோன், வெண்சட்டைப் பையில் மூன்று பேனை தரித்தோன், அவற்றுள் ஒன்றே எழுதும் என்று தெரிந்தும் மற்ற இரண்டையும் கைவிடாத கருணையாளன், கணனிக் கலை பயிலக் கொழும்பு சென்று, ஆறு மாதமும் ஓட்டல் சோறு ஒத்துக்கொள்ளாமல் வயிற்றைப் பிடித்தபடியே பயின்று மீண்ட தவசி, அஞ்சலாவின் கணவன், வட்டை விதானை சவிரியானின் மகன், பேர்னாட் என்னும் பேரோன் வாழ்க. வட்டை விதானை என்பவர் ஒரு வட்டைக்கு, அதாவது ஒரு வயற்பரப்பு முழுவதற்கும், தண்ணீர் முறை வைப்பவர். இன்னார் வயலுக்கு இன்ன நேரம், இன்னார் மடையை இன்ன நேரம் திறப்பது என்று மண்வெட்டியும் கையுமாக வரம்பில் நடந்து, எல்லாரிடமும் ஏச்சு வாங்குவது அவர் தொழில். அந்தத் தொழில் தனக்கு வேண்டாம் என்றுதான் பேர்னாட் கணனி படித்தான்.

ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்தேழாம் ஆண்டு, கார்த்திகை மாதம். கல்லடிப் பாலத்துக்குச் சற்றுத் தள்ளி, வாவிக்கரையோரம், மழைக்கு ஒழுகும் ஓட்டுக் கூரையும் வெயிலுக்கு வெடிக்கும் சுவரும் உடைய வாவி ஆய்வகத்தின் நடுக்கூடத்தில், குளிரூட்டிய அறையொன்றில், அந்தக் கணனி வீற்றிருந்தது. எங்கோ ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் தனக்குப் பழசாகிப்போனதை நமக்கு அன்பளிப்பாக அனுப்பியிருந்தது. கணனி என்று அதை யாரும் சொல்வதில்லை. எல்லாருக்கும் அது 'பெட்டி'. அதன் அங்கங்களாக ஆளுயர இரும்பு அடுக்குகள் இரண்டு நின்றன. மூன்றாவதாக ஓர் இரும்பு அலுமாரியும் பக்கத்தில் நின்றது. அலுமாரிக்குள் பேர்னாட்டின் குடையும் சோற்றுப் பார்சலும் இருந்தன.

பெட்டி ஒன்று, அதை வேண்டியோர் மூவர். காவியங்களில் இப்படித்தான் வம்பு தொடங்கும்.

நெற்பகுதியின் தலைவர் கதிர்காமத்தம்பி. படுவான்கரை வயல்களுக்காக வாதாடி வாதாடிக் குரல் கரகரத்துப்போன பெருமகன். மீன்பகுதியின் தலைவி மக்டலின். செட்டிபாளையத்தில் பிறந்தவர், இறாலின் இருபது வகையையும் மனிதரின் ஒரே வகையையும் அறிந்தவர். நீர்ப்பகுதியின் தலைவர் ஏறாவூர் உசனார். மழைமானியைத் தம் கையால் தவிர வேறொருவர் கையால் தொடவிடாத செம்மல். வாவி கடலைச் சேரும் முகத்துவாரம் மணலால் மூடிக்கிடக்கும். மாரியில் வாவி நிரம்பினால் அந்த மணலை வெட்டிவிட வேண்டும். எந்த நாள் வெட்டுவது என்பதே இம்மூவரின் வாழ்நாள் வழக்கு. பிந்தினால் நெல் அழுகும் என்பார் கதிர்காமத்தம்பி. முந்தினால் இறால் எல்லாம் கடலோடு போகும் என்பார் மக்டலின். இரண்டு பேருக்கும் கணக்குத் தெரியாது என்பார் உசனார்.

ஆகவே மூவரும் தத்தம் கணக்கைப் பெட்டியிடம் கேட்க விரும்பினார்கள். ஆனால் மற்றவர் தொட்ட பெட்டியைத் தொட மூவரும் மறுத்தார்கள். தன் எண்ணை அவர் பார்த்துவிடுவார், அவர் எண் தன் எண்ணோடு கலந்துவிடும் என்பது அவரவர் அச்சம். பணிப்பாளருக்கு ஒரே நாளில் மூன்று பிரகடனங்கள் போயின. 'நெல்லின் மாண்பு கருதி எமக்குத் தனிப் பெட்டி தருக' என்றது முதலாவது. 'மீன்வளத்தை அவமதிக்கும் பொதுப் பெட்டியை யாம் ஏற்கோம்' என்றது இரண்டாவது. மூன்றாவது ஒரே வரி: 'எனக்கும்.' அது உசனாருடையது.

பணிப்பாளர் இவற்றை வாசித்தார், கண்ணாடியைத் துடைத்தார், மீண்டும் வாசித்தார். பின்னர் அவர் வெளியிட்ட ஆணை இது: வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் மூன்று பகுதிக்கும் தனித்தனிப் பெட்டி கிடைத்து, மூன்று பகுதியும் வெட்டும் நாளைத் தாளில் தர வேண்டும். தவறினால், பயன்படாத பெட்டி கொழும்புக்கு அனுப்பப்படும். பெட்டியோடு அதை இயக்குபவரும் அனுப்பப்படுவார்.

இயக்குபவர் பேர்னாட். அஞ்சலாவுக்கு எட்டாம் மாதம். அவளுக்குத் தாயும் இல்லை, கூடப்பிறந்தவளும் இல்லை. வாழைச்சேனைத் துறையடியில் அந்த இரண்டறை வீட்டில் அவளுக்கு இருந்தது பேர்னாட் மட்டுமே. ஆணையை வாசித்த அன்று அவன் எழுதாத பேனை இரண்டாலும் மாறி மாறிக் கையெழுத்திடப் பார்த்தான். வீரர் இப்படித் தடுமாறலாமா என்று கேட்போர் எட்டு மாதக் கர்ப்பிணியை விட்டுவிட்டு ஒருமுறை கொழும்புக்கு மாற்றலாகிப் பார்க்கட்டும்.

இன்னொரு பெட்டி வாங்க நாட்டிடம் காசில்லை. ஆனால் கைந்நூலின் பத்தொன்பதாம் அதிகாரத்தில் ஓர் அற்புதம் எழுதியிருந்தது. ஒரே பெட்டியைப் பல பெட்டிகளாகத் தோன்றச் செய்யலாம். பெட்டியின் ஞாபகத்தைப் பங்கு பிரி. எண்களைச் சேமிக்கும் அதன் காந்தத் தட்டுகளில் ஆளுக்கொரு பாகம் ஒதுக்கு. ஒவ்வொரு பங்குக்கும் ஒரு பெயரும் ஓர் இரகசியச் சொல்லும் கொடு. ஒவ்வொன்றையும் தனித்தனியே எழுப்பு. எழும் ஒவ்வொன்றும் 'நானே முழுப் பெட்டி, என்னைத் தவிர இங்கு வேறெவரும் இல்லை' என்று நம்பிக்கொண்டு வேலை செய்யும். தம்மைத் தவிர வேறெவரும் இல்லை என்று நம்புகிற மூவர் ஏற்கனவே கட்டடத்தில் இருந்தபடியால், பெட்டியும் அவ்வாறே நம்புவதில் பேர்னாட்டுக்கு வியப்பேதும் இருக்கவில்லை.

செவ்வாய் தொடங்கிற்று பெருவேள்வி. ஐந்நூற்றுப் பன்னிரண்டு கூறாய் இருந்த ஞாபகத்தில், மூன்றையும் மேய்க்கும் மேலாள் நிரலுக்கென ஒரு கீற்றை முதலில் எடுத்து வைத்தான். வாய்க்காலும் கொஞ்சம் தண்ணீர் குடிக்குமல்லவா. மிச்சத்தை மூன்று சம பங்காக வெட்டினான். ஒரு பங்குக்கும் மறு பங்குக்கும் இடையில் ஓர் இலக்கம் கூடிவிட்டது என்று அதை அழித்து மீண்டும் வெட்டினான். தட்டுகளைப் பிரித்தான். மூன்று அறைக்கும் மூன்று டெலிபிரின்டர் வைத்து, கூரை வழியே கம்பி இழுத்தான். கூரையில் குடியிருந்த எலிகள் முதலில் எதிர்த்தன, பின்னர் உடன்பட்டன. மூன்று மாயப் பெட்டியையும் எழுப்புவதற்கான துளை அட்டைகள் மாரி ஈரத்தில் ஊறி அப்பளம் போல நெளிந்தபோது, கன்ரீன்காரரின் கரி இஸ்திரிப்பெட்டியை இரவல் வாங்கி, ஒவ்வொரு அட்டையாக அழுத்தி நேராக்கினான். நானூறு அட்டை. மேலே ஒரு துணி போட்டு அழுத்தினான். இரண்டு அட்டை கருகின. அவற்றை மட்டும் புதிதாகத் துளைத்தான்.

வியாழன் மாலை மூன்று மாயப் பெட்டியும் எழுந்தன. 'ஆயத்தம்' என்று மூன்று அறையிலும் மூன்று டெலிபிரின்டர் அடித்தது. ஆயினும் தலைவர்கள் மூவரும் தத்தம் பெட்டியைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார்கள். கண்ணால் காணாத பெட்டியை எவர் நம்புவார். பேர்னாட் ஓர் இராப்பொழுது யோசித்திருக்கலாம். அவனுக்குக் கிடைத்தது பத்து நிமிடம். முதல் இரும்பு அடுக்கில் 'நீர்' என்று எழுதி ஒட்டினான். இரண்டாவதில் 'மீன்' என்று ஒட்டினான். வேறு அடுக்கு இல்லாதபடியால் அலுமாரியில் 'நெல்' என்று ஒட்டினான்.

கதிர்காமத்தம்பி வந்து அலுமாரியைச் சுற்றிப் பார்த்தார். இரண்டு விரலால் தட்டிப் பார்த்தார்.

"என்ட பெட்டி கொஞ்சம் ஒல்லியா இரிக்கே தம்பி."

"உள்ளுக்கு நல்ல ஆழம் ஐயா."

அவர் தலையாட்டினார். மடியில் வைத்திருந்த சந்தனத்தைக் குழைத்து அலுமாரியின் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தார். கும்பிட்டுவிட்டுப் போனார்.

இப்போது நாயகனின் பிழையைச் சொல்ல வேண்டும். பிழையில்லா நாயகர் கலண்டர்ப் படத்துக்கே ஆவர். அறுநூற்றிரண்டாம் பக்கத்தில் கைந்நூல் ஒரு கேள்வி கேட்டிருந்தது: ஒவ்வொரு மாயப் பெட்டிக்கும் ஒருதரம் எவ்வளவு நேரம் பெட்டியை விடுவது? விநாடியின் சிறு பங்கு ஒன்றைக் கொடுத்தால், பெட்டி மூன்றுக்கும் மாறி மாறி ஓடி, மூவருக்கும் ஒரே நேரத்தில் வேலை செய்வது போலத் தோன்றும். அல்லது 'முடியும்வரை' என்றும் கொடுக்கலாம். உலகின் எந்த மூலையில் எவன் இந்த நூலைப் படித்திருந்தாலும் விநாடியின் பங்கைத்தான் கொடுத்திருப்பான். பேர்னாட் வட்டை விதானையின் மகன். ஒருவன் வயலுக்குப் பாயும் தண்ணீரைக் கண்ணிமைக்கும் நேரத்துக்கொருதரம் பிடுங்கிப் பக்கத்து வயலுக்கு விடுவதா? தண்ணீர் வாய்க்காலிலேயே காய்ந்துபோகும். வயல் நிறையும்வரை மடையை மாற்றக்கூடாது என்பது சவிரியானின் சட்டம். கடைமடைக்காரனுக்கே முதல் முறை என்பது இன்னொரு சட்டம். ஆகவே மகன் 'முடியும்வரை' என்று கொடுத்தான்; மூவரில் பெட்டிக்கு மிகத் தொலைவில், கூடத்தின் கடைசி அறையில் இருந்த நெற்பகுதிக்கு முதல் முறை வைத்தான். நீதியாகத்தான் செய்தான்.

வெள்ளி விடிந்தது. வாசலில் நின்று அஞ்சலா சொன்னாள்:

"வரக்குள்ள மறக்காம மீன் வாங்கிட்டு வாங்க. வெள்ளிக்கிழம. ஒரு ஒட்டியாவது, செப்பலியாவது. எனக்கு ரெண்டு நாளா மீன் கறிதான் நினைவு."

"வாறன், வாங்கிட்டு வாறன்" என்றான் பேர்னாட். கத்தோலிக்கர் வீட்டில் வெள்ளிக்கிழமை இறைச்சி இல்லை. கர்ப்பிணி கேட்டது மீன். வாழைச்சேனையோ மீன் துறை. இவ்வளவு எளிய வரம் எந்தக் காவியத்திலும் கேட்கப்பட்டதில்லை.

எட்டரைக்குப் போர் மூண்டது. மூன்று அறையிலிருந்தும் மூன்று கேள்வி ஒரே நேரத்தில் பெட்டிக்குள் பாய்ந்தன. கதிர்காமத்தம்பி முப்பத்தெட்டு ஆண்டு மழையையும், முப்பத்தெட்டு ஆண்டு விளைச்சலையும், வயலுக்கு வயல் வேறாகக் கொடுத்திருந்தார். பெட்டி நெல்லை எடுத்துக்கொண்டது. அடுக்குகளில் சிவப்பு விளக்குகள் மின்னின, தட்டுகள் சுழன்றன, காற்றாடிகள் இரைந்தன. நெல் அறையின் டெலிபிரின்டர் ஒவ்வொரு வயலாக அடித்துக்கொண்டு போயிற்று. மற்ற இரண்டு டெலிபிரின்டரும் வாயைத் திறக்கவில்லை.

பத்து மணிக்கு உசனார் வந்தார்.

"பேர்னாட், என்ட பெட்டி காலமயிலிருந்து ஒரு எழுத்தும் அடிக்கல்ல. என்ன செய்யிது?"

"யோசிக்குது சேர்."

"எவ்வளவு நேரம் யோசிக்கும்?"

"நீங்க பெரிய கேள்வியெல்லோ கேட்டிரிக்கிறீங்க சேர்."

உசனார் ஒரு கணம் நின்றார். பின்னர் முகம் மலர்ந்து, தம் கேள்வியின் பெருமையைச் சுமந்தபடி தம் அறைக்குப் போனார். முகஸ்துதி என்னும் அம்பு அங்கே தைத்தது. பதினொன்றுக்கு மக்டலின் வந்தபோது அந்த அம்பை எடுக்கவே நேரம் கிடைக்கவில்லை.

"எனக்குத் தந்த பெட்டி செத்துப்போச்சா, நித்திரையா? ஒண்டச் சொல்லுங்க."

"உயிரோடதான் மிஸ். முறை வந்த உடன..."

"என்ன முறை?"

பேர்னாட் நாவைக் கடித்துக்கொண்டான். "முறையாச் செய்யும் எண்டு சொன்னன் மிஸ்."

மக்டலின் அவனை மேலும் கீழும் பார்த்தார். இறாலையும் அவர் அப்படித்தான் பார்ப்பார். அவ்வளவோடு போனார். அது ஏச்சைவிடப் பொல்லாதது.

பன்னிரண்டு. பன்னிரண்டரை. முப்பத்தெட்டு ஆண்டில் பெட்டி பதினாறாம் ஆண்டைத்தான் உழுதுகொண்டிருந்தது. இந்தக் கணக்கில் நெல் முடிய மாலை ஆறு மணி தாண்டும். மீனும் நீரும் தொடங்கவே மாட்டா. நான்கு மணிக்கு ஒரு தாளும் கையில் இராது. அடுத்த வாரம் பேர்னாட் கொழும்பில் இருப்பான். பேர்னாட் பெட்டிக்குக் கட்டளையிடும் தலைமைத் தட்டச்சுப்பொறியின் முன் அமர்ந்தான். வழி இருந்தது. ஒரே ஒரு கட்டளை அடித்தால் நெல்லின் மாயப் பெட்டி அப்படியே உறைந்து நிற்கும். ஓர் எண்ணும் குலையாது. பிறகு எழுப்பினால் விட்ட இடத்திலிருந்தே நடக்கும். அந்த நேரத்தில் மீனையும் நீரையும் ஓடவிடலாம். கதிர்காமத்தம்பிக்கு ஒன்றும் தெரியவராது.

கட்டளையை அடித்தான். கடைசிச் சாவியின் மேல் விரலை வைத்தான். விரல் இறங்கவில்லை.

ஏனெனில் சவிரியானின் வட்டையில் எல்லாச் சட்டத்துக்கும் மேலான சட்டம் ஒன்று இருந்தது. ஒருவன் மடையை மாற்றுவதென்றால், வரம்பில் நின்று மூன்றுதரம் கூவிச் சொல்லிவிட்டே மாற்ற வேண்டும். சொல்லாமல் மாற்றியவன் கள்ளன். அவனோடு ஒரு போகம் முழுக்க எவரும் பேசார். அவன் வீட்டுக் கலியாணத்துக்குப் போகார். பேர்னாட் மண்வெட்டியை வெறுத்தான், சேற்றை வெறுத்தான், ஏச்சு வாங்குவதை வெறுத்தான். ஆனால் கள்ளனாக இருந்து பழக்கமில்லை. கூவிச் சொன்னாலோ ஒரே பெட்டிதான் என்பது வெளிப்படும். மூவரும் மூன்று கடதாசி எழுதுவார்கள். கொழும்பு. அஞ்சலா தனியே. அவனுக்கு அழுகை வந்தது. குளிரூட்டிய அறையில் வியர்த்தது.

ஒன்று பத்துக்கு அவன் எழுந்தான். கதவைத் திறந்துகொண்டு கூடத்துக்கு வந்தான். மூன்று அறைக்கும் நடுவில், வரம்பில் நிற்பது போல ஒற்றைக் காலை முன்வைத்து நின்று, தகப்பன் குரலில் கூவினான்:

"மடை மாத்தப் போறன். நெல்லுக்கு முறை முடியிது. கேட்டுக்கொள்ளுங்க."

டெலிபிரின்டர் அடித்துக்கொண்டிருந்தது. இரண்டாந்தரம் கூவினான். உசனாரின் கதிரை நகர்ந்தது. மூன்றாந்தரம் கூவியபோது மூன்று கதவும் திறந்திருந்தன.

கையில் பேனையோடு கதிர்காமத்தம்பி வந்தார். "ஆர்ர மடை?"

"உங்கட மடைதான் ஐயா."

"அப்ப இது ஒரே பெட்டியா?" என்றார் உசனார்.

"ஓம் சேர். ஒரு வாய்க்கால்தான். மூண்டு மடை."

நெல் அறையின் டெலிபிரின்டர் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. பிரளயத்துக்கு முந்திய கணம் இப்படித்தான் இருக்கும் என்று பேர்னாட் எண்ணினான். எல்லாம் முடிந்தது என்றும் எண்ணினான். மக்டலின்தான் முதலில் வாய் திறந்தார்.

"முறை ஆர் வைக்கிற?"

"நான்தான் மிஸ்."

"கூவிப்போட்டுத்தான் மாத்துவீங்களா?"

"கூவாம மாத்தமாட்டன் மிஸ்."

கதிர்காமத்தம்பி கேட்டார்: "எனக்கு எப்ப தொடக்கம் ஓடுது?"

"எட்டரை தொடக்கம் ஐயா."

"எட்டரையிலிருந்தா? ஒண்டேகாலாகப் போகுதே." அவர் தலையைச் சொறிந்தார். நாலரை மணித்தியாலம் அயலவனின் தண்ணீரைக் குடித்த வயலின் சொந்தக்காரனாய்க் கூச்சப்பட்டு நின்றார். "அப்ப மத்தவங்களுக்கு விடு தம்பி. ஆனா நிப்பாட்டினா என்ட கணக்கு அழிஞ்சிருமா?"

"வரம்புக்குள்ள நிண்ட தண்ணி எங்க ஐயா போகும். விட்ட இடத்திலேயே நிக்கும். மறுகா அதிலிருந்துதான் ஓடும்."

"அப்ப சரி." பின்னர் அவருக்குக் கோபம் வந்தது. "முறை எண்டு முதலே சொல்லியிரிக்கலாமே. பொதுப் பெட்டி, பொதுப் பெட்டி எண்டுதானே எல்லாரும் சொன்னீங்க. பொதுவெண்டா ஆர் கேக்கிற, ஆர் பாக்கிற? முறையெண்டா நான் ஏன் கடதாசி எழுதுறன்?"

உசனார் தலையசைத்தார். மக்டலின் தலையசைக்கவில்லை, ஆனால் மறுக்கவும் இல்லை. முந்நூறு பக்கத் திட்ட அறிக்கையும், இரண்டு வெளிநாட்டு நிபுணரும், ஒரு பணிப்பாளரும் விளங்கவைக்க முடியாததை ஒரு சொல் விளங்கவைத்துவிட்டது. அந்தச் சொல்லைச் சொல்லத்தான் மூன்று நாள் பேர்னாட் பயந்தான். அவனுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

இதன்பின் நடந்தது போரல்ல, பாசனம். பதினைந்து நிமிடத்துக்கொருதரம் பேர்னாட் ஒரு மாயப் பெட்டியை உறையவைத்தான், மற்றொன்றை எழுப்பினான், ஒவ்வொரு தடவையும் கூடத்துக்கு ஓடிவந்து மூன்றுதரம் கூவினான். "ஓம், விடு" என்று நெல் அறையிலிருந்து பதில் வரும். "விடுங்க, விடுங்க" என்று நீர் அறையிலிருந்து வரும். மீன் அறையிலிருந்து மேசையில் ஒரு தட்டு வரும், அதுவும் சம்மதமே. நெல்லுக்கு இன்னும் இருபது ஆண்டு கிடப்பதைக் கண்ட கதிர்காமத்தம்பி, ஒரு பெரும் தியாகம் செய்தார். வயலுக்கு வயல் என்பதை விட்டு வட்டைக்கு வட்டை என்று கேள்வியைச் சுருக்கினார். அவ்வாறு சுருக்குகையில் அவர் முகம் வாடியதை எழுதாமல் விடுவது வரலாற்றுக்குத் துரோகம்.

மூன்று ஐம்பதுக்கு மூன்று தாளும் வந்தன. நெல், நாளையே வெட்டு என்றது. மீன், பன்னிரண்டு நாள் பொறு என்றது. நீர், ஐந்தாம் நாள் என்றது. எந்த நாள் வெட்டுவது என்ற பழைய சண்டை கீறலும் படாமல் அப்படியே இருந்தது. அதை மாவட்ட அரசாங்க அலுவலகமாகிய கச்சேரியின் கூட்டத்தில் போடுவார்கள். பேர்னாட்டின் சண்டை வேறு.

நான்கு மணிக்குப் பணிப்பாளர் குளிர் அறைக்குள் வந்தார். மூன்று தலைவரும் பின்னால் வந்தார்கள். அவர் 'நீர்' என்ற அடுக்கைப் பார்த்தார். 'மீன்' என்ற அடுக்கைப் பார்த்தார். பொட்டு வைத்த அலுமாரியை நெடுநேரம் பார்த்தார்.

"மூவருக்கும் தனித்தனிப் பெட்டி கிடைத்ததா?" என்று கேட்டார். அவர் எழுத்தில் எப்படியோ பேச்சிலும் அப்படியே.

பேர்னாட் மூவரையும் திரும்பிப் பார்த்தான். அவன் மாற்றல் மூன்று பேரின் நாக்கில் இருந்தது. மூன்று நாளைக்கு முன் ஒரே பெட்டி என்றதற்காகப் பிரகடனம் எழுதிய அதே மூவர்.

"எனக்குத் தனிப் பெட்டி" என்றார் உசனார்.

"என்ட பெட்டியை வேற ஆரும் தொடல்ல" என்றார் மக்டலின். கண்கள் கூரையைப் பார்த்தன.

"என்டது அந்தா, மூலைக்குள்ள நிக்கிது" என்றார் கதிர்காமத்தம்பி.

பணிப்பாளர் அலுமாரியருகே போனார். அதன் கைப்பிடியில் கையை வைத்தார். உள்ளே குடையும், தின்னாத சோற்றுப் பார்சலும், அஞ்சலா கட்டிவைத்த மாங்காய்த் துண்டும் இருந்தன.

"சேர்," என்றார் கதிர்காமத்தம்பி, குரலைத் தாழ்த்தி, "அதத் திறந்தா உள்ளுக்குச் சூடு பூந்திரும். மறுகா எனக்கு எட்டு நாளைக்கு வேல செய்யா."

பணிப்பாளர் கையை எடுத்தார். மூன்று தாளையும் வாங்கினார். கோப்பில் பச்சை மையால் எழுதினார்: பெட்டி இங்கேயே இருக்கட்டும், இயக்குபவரின் மாற்றல் அவசியமில்லை. போய்விட்டார்.

பேர்னாட் நன்றி சொல்ல முயன்றான். யாரும் நிற்கவில்லை. கதிர்காமத்தம்பி மட்டும் வாசலில் திரும்பி, "அலுமாரிக்குள்ள சோறு பழுதாகப் போகுது தம்பி, நேத்துப் பொட்டு வச்ச நேரமே மணந்தது" என்றார். மக்டலின் கூடத்திலிருந்து சொன்னார்: "திங்கக்கிழம முதல் முறை எனக்கு."

இவ்வாறு, ஒன்றை மூன்றாக்கியோனும், மூன்றை ஒரு முறைக்குள் நிறுத்தியோனும், கள்ளனாக மறுத்துக் கொழும்பை வென்றோனும் ஆகிய பேர்னாட், வெற்றித் திருமகள் தோள்மேல் வீற்றிருக்க, அவளுக்கும் இருக்கை கிடையாத பஸ்ஸில் நின்றபடியே ஏறாவூர் கடந்து, சித்தாண்டி கடந்து, வயல்களில் முழங்கால் அளவு நின்ற தண்ணீரைக் கண்டு 'இது யாருடைய முறையோ' என்று தன்னையறியாமல் எண்ணிக்கொண்டு, வாழைச்சேனைச் சந்தியில் இறங்கி, கூடையோடு நின்று கூவிய மீன்காரர் ஆறு பேரையும் அரசர் படையைப் பார்வையிடுவது போலப் பார்த்துக்கொண்டே அவர்கள் நடுவால் நடந்து, வீட்டு வாசலை அடைந்தான். அஞ்சலா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலையிலிருந்து அங்கேயே நின்றவள் போலிருந்தாள்.

"கொழும்பு?" என்றாள்.

"இல்ல. இஞ்சதான்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், மீண்டும் துடைத்தாள். அவன் அவளுடைய கையைப் பிடித்தான். அவள் மற்றக் கையை நீட்டி, அவனுடைய பையை வாங்கி, திறந்து பார்த்தாள்.

"மீன் எங்க?"

அன்று இருவரும் பருப்பும் சோறும் சாப்பிட்டார்கள்.